கார்க் கதவில் ஒரு கடைவாய்ப்பல்

அந்தக் குடியிருப்பில் அவரை எல்லோரும் பல்செட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் வேலையாக அவர் வாயை உற்றுப் பார்த்துவிட்டு ஏமாந்து போவார்கள். அவர் பற்கள் அத்தனையும் சொந்தப் பற்கள். ஊரார் வாய்க்குப் பல் செய்து கொடுப்பது அவர் தொழில். மருத்துவர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். இவர் அதில் பிளாஸ்டரை ஊற்றி, ஈறும் பல்லுமாக வார்த்தெடுத்து, அதற்குப் பொருத்தமாகப் புதுப்பல்லைச் செதுக்கி அனுப்புவார். அச்சைப் பார்த்தே ஆள் எந்தப் பக்கம் மெல்லுகிறவர், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவரா இல்லையா என்று சொல்லிவிடுவார். சொன்னது சரிதானா என்று யாரும் போய்ப் பார்த்ததில்லை. ஆகவே அந்தப் பெருமைக்கு இன்றுவரை பங்கமில்லை.

இன்னொரு பெருமையும் அவருக்கு உண்டு. கார் வாங்கிய நாளிலிருந்து இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சல்லிக்காசு கேட்டதில்லை. அப்படிக் கேட்காதவர்களுக்குப் பிரீமியத்தில் கழித்துத் தரும் நோ கிளைம் போனஸ் வருடா வருடம் ஏறிக்கொண்டே போனது. மற்றவர்கள் பிள்ளையின் மார்க்கைச் சொல்வது போல அவர் அதைச் சொல்லித் திரிந்தார். பிள்ளை இல்லாத வீடு. எதையாவது சொல்ல வேண்டுமே.

அந்தக் காரின் பின்கதவில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஈரத்துணியோடு குனிந்தபோது, ஒரு பள்ளத்தைக் கண்டார். முழங்காலுக்குச் சற்று மேலே, ஒரு பெரிய நெல்லிக்காயைப் பதித்து எடுத்தது போன்ற பள்ளம். சுற்றிலும் நீலப் பெயின்ட் உதிர்ந்திருந்தது. அவர் கோபப்படவில்லை. துணியை வாளியில் போட்டுவிட்டு, பள்ளத்துக்குள் ஆள்காட்டி விரலை விட்டு மெதுவாகத் துழாவினார். பட்டறையில் அச்சில் வந்த சொத்தைப் பல்லைத் துழாவுகிற அதே முகம்.

"இது என்ன பண்ணியிருக்கும்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். யார் பண்ணியது என்ற கேள்வி அவருக்கு அப்புறம்தான் வந்தது.

மாடிக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவர் கணக்கு டீச்சர். வீட்டுக்குள்ளும் டீச்சர்தான், பல்செட்டுக்காரரே சில சமயம் அப்படித்தான் கூப்பிடுவார். டீச்சர் ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டு விசாரித்தார், இன்ஷூரன்ஸ் தாளைப் புரட்டினார், ஒரு பழைய விடைத்தாளின் பின்பக்கம் இரண்டு வரி எழுதினார்.

"கிளைம் பண்ணா போனஸ் போயிடும். பண்ணலேன்னா கைக்காசு போகும். ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். இதுக்கு மேல இதுல கணக்கு ஒண்ணும் இல்ல."

"அப்ப எதை வச்சு முடிவு பண்றது?"

"நாணயத்தைச் சுண்டிப் போடுங்க."

கணக்கு டீச்சரே கணக்கைக் கைவிட்டுவிட்டால் மனிதன் எங்கே போவான்? பல்செட்டுக்காரர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தார். தேன் தடவிய குரலில் ஒரு பெண் பேசினார்.

"எப்படி நடந்துச்சு சார்?"

"அதைத்தான் நானும் யோசிச்சிட்டு இருக்கேன்மா."

"வண்டி ஓடிட்டு இருந்துச்சா, நின்னுட்டு இருந்துச்சா?"

"தெரியலியே."

"யாரு ஓட்டினாங்க?"

"ஓடுச்சா நின்னுச்சான்னே தெரியாதப்ப..."

"சார், எப்படி நடந்ததுன்னு ரெண்டு வரியாவது வேணும். இந்த வாரக் கடைசிக்குள்ள சொல்லிடுங்க. பாலிசில உங்க பேரும் மேடம் பேரும் மட்டும்தான் இருக்கு. வேற யாராவது ஓட்டியிருந்தா கிளைம் நிக்காது."

போனை வைத்துவிட்டு அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி சமையலறைப் பக்கம் பார்த்தார். அங்கே வெங்காயம் நறுக்குகிற சத்தம், தட்டெழுத்து போலச் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

நறுக்கிக்கொண்டிருந்தது டீச்சரின் தம்பி. சரக்குக் கப்பலில் சமையல்காரனாக இருபது வருடம் கடலில் கிடந்தவன். அதனால் பெயர் கப்பல். கம்பெனி கப்பலை விற்றுவிட்டு இழுத்து மூடியதும், சும்மா பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று அக்கா வீட்டுக்கு வந்தான். வந்து இரண்டு வருடம் ஆகிறது. சமையல் முழுக்க அவன்தான். காலையில் காரை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகிறவனும் அவன்தான். கட்டிலுக்கு அடியில் அவனுடைய பெட்டி எப்போதும் துணி அடுக்கித் தயாராக இருக்கும். கப்பல்காரன் பழக்கம் என்பான். கொஞ்ச நாளாக, ஏதோ ஒரு துறைமுகத்தில் கேன்டீன் நடத்தும் பழைய சிநேகிதன் ஒருவன் போன் செய்து வா வா என்கிறான். கப்பல் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

"அவன்கிட்ட கேட்டுடாதீங்க," என்றார் டீச்சர், குரலைத் தாழ்த்தி. "ஏற்கெனவே ஒரு கால வாசல்ல வச்சிட்டு நிக்கிறான். பாரமா இருக்கோம்னு நெனப்பு. காருன்னு ஒரு வார்த்தை எடுத்தீங்க, பெட்டியைத் தூக்கிடுவான்."

"நான் எங்க கேட்டேன்?"

"உங்க மூஞ்சி கேக்குது."

பல்செட்டுக்காரர் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். அவன் போய்விடக் கூடாது என்பதுதான் அவருக்கும். சாப்பாட்டுக்காக மட்டும் இல்லை. அவர் ஓயாமல் ஜோக் அடிக்கிறவர். கல்யாணமான முதல் வருடத்திலேயே டீச்சர் அவருடைய சரக்கு அத்தனைக்கும் சிரித்து முடித்துவிட்டார். இப்போதெல்லாம் ஒரு புருவத்தை உயர்த்துவதோடு சரி. கப்பல் சிரிப்பான். உடனே இல்லை. ஜோக் சொல்லி, அதற்குள் பேச்சு வேறெங்கோ போய், எல்லோரும் மறந்த பிறகு சமையலறையிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி வரும். கடல் தாண்டி வருவது போல. அந்தத் தாமதமான சிரிப்புக்காக பல்செட்டுக்காரர் நாள் முழுக்க ஜோக்கைச் சேர்த்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இவ்வளவு வயதான ஆம்பளை இதையெல்லாம் சொன்னால் நன்றாகவா இருக்கும்?

ஆகவே கேட்கவும் கூடாது, கேட்காமல் இருக்கவும் முடியாது. இந்த இக்கட்டில்தான் அவருக்கு அந்த மகா யோசனை உதித்தது. வாய் திறந்து பேசாதவர்களிடம் விஷயத்தைக் கறப்பதுதானே அவர் தொழில்? பள்ளத்துக்கு அச்சு எடுத்துவிட வேண்டியது. இடித்தது எதுவோ அதன் முகம் தானாகத் தெரிந்துவிடும். இன்னொரு காரின் பம்பர் என்றால் ஒரு மாதிரி, கடைத் தள்ளுவண்டி என்றால் வேறு மாதிரி. யாரையும் எதுவும் கேட்க வேண்டாம்.

மறுநாள் சாயங்காலம் கீழே கார் நிறுத்துமிடத்தில் குந்தி உட்கார்ந்து, அச்சு எடுக்கும் பசையைப் பிசைந்து பள்ளத்தில் அப்பி, இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். காவலாளி வந்து பின்னால் நின்றார்.

"என்ன சார், காருக்குப் பல்லு கட்டுறீங்களா?"

"ஆமாங்க. பெட்ரோலை மெல்ல முடியலையாம்."

காவலாளி அதை நம்பிவிட்டது போலத் தலையாட்டிவிட்டுப் போனார்.

கதவிலிருந்து எடுத்த பசைமேல் அப்படியே பிளாஸ்டரை ஊற்றினால் மறுபடியும் பள்ளம்தான் கிடைக்கும். பட்டறையில் அதற்கு இன்னொரு அச்சு எடுத்து, பிளாஸ்டர் ஊற்றி, மறுநாள் மதியம் ஒரு வெள்ளைக் கட்டியைக் கையில் வைத்திருந்தார். மொட்டையான, மூன்று பக்கமும் சரிகிற ஒரு மேடு. மேட்டின் மேல் மூன்று சின்னப் புள்ளிகள். அதை விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது இன்ஷூரன்ஸ் பெண்ணின் போன் வந்தது.

"எப்படி நடந்துச்சுன்னு தெரிஞ்சிடுச்சா சார்?"

"கையில வச்சிருக்கேன்மா. கொஞ்சம் டைம் குடுங்க."

"ஒரு நிமிஷம் லைன்லயே இருங்க சார்."

ஒரு நிமிஷம் என்றால் இன்ஷூரன்ஸ் நிமிஷம். போனில் சங்கீதம் ஓடியது. சுற்றிச் சுற்றி அதே நாலு வரி. பல்செட்டுக்காரர் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு காத்திருந்தார். காத்திருக்கிற நேரத்தில் கை சும்மா இருக்குமா? முப்பது வருடக் கை. அது பாட்டுக்குக் கத்தியை எடுத்தது. புள்ளிகள் பிளாஸ்டரில் வந்த காற்றுக் குமிழ்கள் என்று நினைத்துச் சுரண்டித் தள்ளியது. மேட்டை நாலாகப் பிரித்தது, நடுவில் பள்ளம் தோண்டியது, ஓரத்தை வழித்தது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது. சங்கீதம் நின்று அந்தப் பெண் திரும்பி வந்து, வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு சார் என்று சொல்லிவிட்டு வைத்தார். பல்செட்டுக்காரர் கையைப் பார்த்தார்.

உள்ளங்கை நிறைய, பழுது சொல்ல முடியாத ஒரு கீழ்க் கடைவாய்ப்பல். அவர் வாழ்நாளில் செய்ததிலேயே அழகானது. யானைக்கு வைக்கலாம்.

வீட்டுக்கு எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதுதான் ஆதாரமா?"

"இருந்துச்சு. கொஞ்சம் சரி பண்ணிட்டேன்."

"எதுக்கு?"

"கோணலா இருந்துச்சு."

"அப்ப கம்பெனிக்கு என்னன்னு எழுதப் போறீங்க? யாரோ காரைக் கடிச்சுட்டாங்கன்னா?"

பல்செட்டுக்காரர் தனக்கே வரவேண்டிய ஜோக்கை மனைவி தட்டிக்கொண்டு போன வருத்தத்தில் பல்லை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். சமையலறையில் சத்தமே இல்லை. சாப்பாடு பரிமாறி, எல்லோரும் தண்ணீர் குடித்த பிறகு, கப்பல் பாத்திரம் கழுவப் போன இடத்திலிருந்து அந்தச் சிரிப்பு வந்தது. ஆனால் வழக்கம் போல நீளவில்லை. நடுவில் யாரோ குழாயை மூடியது மாதிரி நின்றுபோனது. அச்சைப் பார்த்து ஆளைச் சொல்கிறவருக்கு அது கேட்காமல் இல்லை.

புதன்கிழமை மறுபடியும் பசையோடு கீழே இறங்கினார். இந்தத் தடவை அமுக்கிப் பிடித்திருந்தபோது பின்னால் வந்து நின்றது கப்பல். கையில் காய்கறிப் பை.

"என்ன மாமா பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல மாப்ளே. கதவு கொஞ்சம் சூடா இருந்துச்சு. தொட்டுப் பாத்தேன்."

"ரெண்டு கையாலயுமா?"

"காய்ச்சல் அதிகம்."

கப்பல் சிரிக்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் குந்திக்கொண்டான். பசை இறுகுகிற வரை இருவரும் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"செலவு நெறைய ஆகுமா மாமா?"

"உங்க அக்கா கணக்குப்படி, ஆகும், ஆகாது, ரெண்டும் ஒண்ணு."

"இன்ஷூரன்ஸ்ல குடுப்பாங்கல்ல?"

"எப்படி நடந்ததுன்னு சொன்னா குடுப்பாங்க."

கப்பல் பையை எடுத்துக்கொண்டு படி ஏறிப் போய்விட்டான். லிஃப்ட் இருந்தும் படி.

இந்தத் தடவை பல்செட்டுக்காரர் கத்தியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் பிளாஸ்டரை ஊற்றினார். கட்டி வெளியே வந்தது. அதே மேடு, அதே இடத்தில் அதே மூன்று புள்ளிகள். குமிழ் என்றால் இரண்டு தடவையும் அதே இடத்திலா வரும்? புள்ளிகள் முக்கோணமாக, ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. மனிதன் அடித்த ஆணிகள்.

அன்று மாலை அந்தக் கட்டியை எடுத்துக்கொண்டு குடியிருப்பைச் சுற்றி வந்தார். பின்கேட்டின் தாழ்ப்பாளில் வைத்துப் பார்த்தார். குப்பைத் தொட்டியின் பிடியில், யாருடைய குழந்தைவண்டியின் சக்கரத்திலோ, பக்கத்துக் காரின் மூக்கில் வைத்துப் பார்த்தார். குழந்தைவண்டிக்காரி, வேணும்னா உள்ள உக்காந்தும் பாருங்க அங்கிள் என்றாள். எதுவும் பொருந்தவில்லை. ஆனால் அவருக்கு உற்சாகம் குறையவில்லை. உண்மையைச் சொன்னால், பல வருடங்களில் இவ்வளவு சுவாரசியமான ஒரு வாரம் அவருக்கு வாய்த்ததில்லை. கிளைம், போனஸ் எல்லாம் மறந்தே போயிருந்தது.

மாடிக்கு வந்தபோது டீச்சர் குளித்துக்கொண்டிருந்தார். கப்பல் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போயிருந்தான். இஸ்திரிப் பெட்டி அவன் அறையில் இருக்கும் என்று உள்ளே போன பல்செட்டுக்காரரின் கால் கட்டைவிரல், கட்டிலுக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த எதிலோ நச்சென்று இடித்தது. வலியில் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

பழைய கெட்டிப் பெட்டி. மூலைகளுக்கு இரும்புக் கவசம் போட்டது. ஒவ்வொரு கவசத்திலும் மூன்று ஆணி, முக்கோணமாக. ஒரு மூலையில் மட்டும் நீலப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

அவர் தரையில் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்த கட்டியை எடுத்து அந்த மூலைக்குப் பக்கத்தில் பிடித்தார். அண்ணன் தம்பி போல இருந்தன. அதே சரிவு, அதே புள்ளிகள். வாழ்க்கையில் முதல் தடவையாக, அவர் அச்சைப் பார்த்துச் சொல்லக்கூடிய ஒன்று உண்மையா என்று நேரிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அந்தச் சந்தோஷம் வரவில்லை. பெட்டி எப்படிக் காருக்குப் போனது? பெட்டிக்குக் கால் முளைத்ததா? இல்லை. அடியில் சக்கரம்தான் முளைத்திருந்தது. கப்பல் தானே மாட்டிய சக்கரம்.

துணிக்கூடையோடு கப்பல் வாசலில் நின்றான். தரையில் உட்கார்ந்திருக்கும் மாமாவையும், பெட்டியையும், கையிலிருந்த வெள்ளைக் கட்டியையும் பார்த்தான். கூடையைக் கட்டிலில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான்.

"போன வாரம்," என்றான். "விடிகாலைல. டாக்ஸியைப் பின்கேட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன். கீழ இறங்குற சரிவுல பெட்டி கையை விட்டு உருண்டுடுச்சு. நான் பிடிக்கிறதுக்குள்ள தலைகுப்புற போய்க் கதவுல முட்டிட்டுத்தான் நின்னுச்சு."

"சொல்லாம கிளம்பிட்டியா மாப்ளே?"

"சொன்னா அக்கா விடமாட்டா. நீங்க ஒரு ஜோக் சொல்லுவீங்க. அப்புறம் நான் எப்படிப் போறது?"

பல்செட்டுக்காரர் கட்டியைப் பெட்டியின் மேல் வைத்தார். இந்த இடத்துக்கு ஏற்ற ஜோக் வரவில்லை.

"அப்புறம் ஏன் போகல?"

"எப்படி மாமா போறது? சொல்லிக்காம போனா, போறான் பாவம்னு விடுவீங்க. காரை இடிச்சுட்டு ஓடிப் போயிட்டான்னா? டாக்ஸிக்காரனைத் திருப்பி அனுப்பிட்டேன். மேல வந்து டிபன் பண்ணேன்."

அந்தக் காலை பல்செட்டுக்காரருக்கு நினைவிருந்தது. யாரும் கேட்காமலே மேசை நிறைய, ஒரு படைக்குப் போதுமான டிபன். இன்னிக்கு யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டு, ஒரு முட்டையை அதிகமாகவே தின்றிருந்தார்.

"இதைச் சொல்லியிருந்தா என்னடா?"

"காரை இடிச்சேன்னு சொன்னா, பெட்டியோட கீழ என்ன பண்ணேன்னு அக்கா கேப்பாளே." கப்பல் பெட்டியின் மூலையில் இருந்த பெயின்டை நகத்தால் சுரண்டினான். "சரி பண்ணிக் குடுத்துட்டுத்தான் போகணும்னு இருந்தேன். இன்ஷூரன்ஸ்ல ஆயிடும்னா, இந்த வாரமே ஒரு பாடா முடிஞ்சிடும். பெட்டி உருண்டுச்சுன்னே எழுதுங்க மாமா. உண்மைதானே."

பல்செட்டுக்காரர் அவன் முகத்தைப் பார்த்தார். கணக்கில் ஒன்றுமில்லை என்று டீச்சர் சொன்ன அந்தக் கணக்கில், இப்போது ஒரு பக்கம் தட்டு தரையைத் தொட்டது. எப்படி நடந்தது என்று எழுத இரண்டு வரி கையில் இருக்கிறது. எழுதினால் கம்பெனி கொடுக்கும். கதவு பளபளப்பாகிவிடும். இவன் கடன் தீர்ந்து போய்விடுவான்.

"நான் கிளைம் பண்ணலாம்னு இல்ல மாப்ளே," என்றார்.

"ஏன்?"

"போனஸ் போயிடும்ல. எத்தனை வருஷப் பெருமை."

"அப்ப நானே ஒர்க்‌ஷாப்ல விடுறேன்."

"விடலாம், விடலாம். இப்ப என்ன அவசரம்? மழை வருதான்னு பாத்துட்டு விடுவோம். மழைக்கு அப்புறம் அந்தாளு நல்லா பண்ணுவான்."

"மழை இப்பத்தானே முடிஞ்சுது."

"அடுத்த மழையைச் சொல்றேன்."

குளியலறைக் கதவு திறந்தது. டீச்சர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து அறை வாசலில் நின்றார். தரையில் இரண்டு ஆண்கள், நடுவில் பெட்டி, பெட்டியின் மேல் பிளாஸ்டர். அவர் விடைத்தாள் திருத்துகிறவர். கடைசி வரியைப் பார்த்தாலே நடுவில் என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துவிடும். கட்டியை எடுத்தார். மூலையைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டினார்.

"டேய், வெங்காயம் வெட்டணும். எழுந்து வா," என்றார்.  வேறெதுவும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை பல்செட்டுக்காரர் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டார். டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். ஜன்னல் விளிம்பில், பறக்கிற தாள்களுக்குப் பாரமாக, யானையின் கடைவாய்ப்பல் உட்கார்ந்திருந்தது. கப்பல் முதுகைக் காட்டிக்கொண்டு நறுக்கிக்கொண்டிருந்தான்.

"எப்படி நடந்துச்சுன்னு தெரிஞ்சிடுச்சா சார்?" தேன் குரல் மாறவேயில்லை.

"தெரிஞ்சிடுச்சும்மா. அதனால கிளைம் வேண்டாம்."

அந்தப் பெண்ணுக்கு இது புதுசு. "தெரியாதவங்கதான் சார் வேண்டாம்பாங்க."

"எனக்கு அதில்லம்மா. பாலிசில இன்னொரு பேரு சேக்கணும். ஓட்டுறவங்கள்ல."

நறுக்குகிற சத்தம் மெதுவானது.

"சொல்லுங்க சார். உங்களுக்கு என்ன உறவு?"

"என் சம்சாரத்தோட தம்பி."

"லைசென்ஸ் இருக்கா?"

"இருக்கு. கப்பல்கூட ஓட்டுவாரு."

"ஓட்டமாட்டேன்," என்றான் கப்பல், திரும்பாமலே. "அதுல சமைப்பேன்."

"சமைப்பாராம்மா. எழுதிக்கங்க."

"அது தேவையில்ல சார். அவரு உங்க கூடத்தான் இருக்காரா?"

"ஆமாம்மா."

"நிரந்தர முகவரியும் இதேதானா?"

நறுக்குகிற சத்தம் நின்றது. பல்செட்டுக்காரர் போனைக் கப்பல் பக்கமாகத் திருப்பினார். அது அவர் சொல்லக்கூடிய பதில் இல்லை. டீச்சரின் சிவப்புப் பேனா ஒரு விடைத்தாளின் மேல் அந்தரத்தில் நின்றது. போனில் அந்தப் பெண், ஹலோ, சார், லைன்ல இருக்கீங்களா என்று கேட்டார்.

கப்பல் கத்தியைப் பலகையில் வைத்தான். கையைத் துடைத்தான். வெங்காயம் கண்ணில் பட்டிருக்க வேண்டும். முழங்கையால் ஒரு தடவை துடைத்துக்கொண்டான்.

"இப்போதைக்கு இதேன்னு எழுதச் சொல்லுங்க மாமா."

"இப்போதைக்குன்னு எழுத இடம் இல்லைங்க," என்றது போன். "ஆமா, இல்ல, ரெண்டுதான் இருக்கு."

"ஆமா," என்றான்.

சிவப்புப் பேனா இறங்கியது. யாருக்கோ அன்று தாராளமாக மார்க் விழுந்தது.

"சரிங்க சார், சேத்துட்டேன். கடைசியா ஒண்ணு. வண்டியில இப்போ ஏதாவது டேமேஜ் இருக்கா?"

"ஒண்ணுமில்லம்மா. கடைவாய்ப்பக்கம் ஒரு சொத்தை. வலி கிலி எதுவும் இல்ல."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. டீச்சர் ஒரு புருவத்தை உயர்த்தினார். பல்செட்டுக்காரர் போனை வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, செய்தித்தாளை எடுத்துப் பிரித்தார். படிக்கவில்லை. நறுக்குகிற சத்தம் மறுபடி ஆரம்பித்து, வெங்காயம் முடிந்து, அடுப்பில் எண்ணெய் காய்ந்து, அதில் ஏதோ விழுந்து பொரிகிற வரைக்கும் ஒரே பக்கத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

அப்புறம்தான் அது வந்தது.